மொட்டைக்குச் சொன்ன காரணம்

நோயிலிருந்து மீண்டவர்கள் எழுதுவதைப் படித்தால், எல்லாரும் ஆஸ்பத்திரியில் ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்டுதான் வீடு திரும்பியிருக்கிறார்கள். பொறுமை வந்தது என்கிறார்கள், வாழ்க்கையின் அருமை புரிந்தது என்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. பொறுமை முன்பும் இல்லை, இப்போதும் இல்லை. நான் மீளவும் இல்லை. மருந்தைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள், கை நடுங்காமல் பேனா பிடிக்க முடிகிறது, அதனால் எழுதுகிறேன். என்னைப்போல இரண்டு நோயைச் சேர்த்துச் சுமக்கிற ஒருத்தி எங்காவது இருப்பாள். அவளுக்கு யாராவது ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

என் பெயர் மல்லிகா. மலாக்காவில், காஜா பெராங்கில் என் அக்கா வீட்டில் இருக்கிறேன். ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில், சின்னச் சின்ன மின்பலகைகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பழுது பார்க்கிற வேலை செய்தேன். பழுது இருந்தால் சிவப்பு ஒட்டுத்தாள், இல்லாவிட்டால் அடுத்த மேசைக்குப் போகும். அந்த மேசையில் குனிந்து உட்கார்ந்திருந்தபோதுதான் இடது காதுக்குக் கீழே ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. அழுத்தினால் வலி இல்லை. வலித்திருந்தால் உடனே போயிருப்பேன். வலிக்காத கட்டிதான் ஆளை ஏமாற்றும் என்று எனக்கு அப்போது யார் சொன்னார்கள்?

சாயங்காலம் ஆனால் காய்ச்சல் அடித்தது. தூங்கி எழுந்தால் தலையணை நனைந்திருந்தது. பாவாடை நாடாவை இறுக்கி இறுக்கி, இனி இறுக்க இடமில்லை என்ற நிலையில், அக்கா என்னை இழுத்துக்கொண்டு செங் என்ற பக்கத்து ஊர்க் கிளினிக்குக்குப் போனாள். அங்கே காசநோயாக இருக்கலாம் என்று பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். பெரியாஸ்பத்திரியில் சளியைப் பார்த்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள், காசநோய் இல்லை என்றார்கள். பிறகு கட்டியில் ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தார்கள். அது போதாது என்று, கழுத்தை மரத்துப்போக வைத்துக் கட்டியை முழுசாகவே வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். இரத்தமும் எடுத்தார்கள். எச்.ஐ.வி. சோதனைக்கும் சேர்த்து எடுக்கலாமா என்று தாதி கேட்டபோது நான் தலையை ஆட்டினேன். பதில் எனக்கு முன்பே தெரியும்.

அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர். அவர் லோரி ஓட்டினார், தாய்லாந்து எல்லை வரைக்கும் போய் வருவார். அப்போது நாங்கள் சிகாமட்டில் இருந்தோம். நுரையீரல் கெட்டுப்போய் இறந்தார் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். ஆனால் பிணவறையில் அவரைக் கறுப்புப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடிக் கொடுத்தார்கள். திறக்கக் கூடாது என்றார்கள். குளிப்பாட்டவில்லை, வேட்டி கட்டவில்லை, வாயில் யாரும் அரிசி போடவில்லை. அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற சொந்தக்காரர்கள், பையைப் பார்த்ததும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். அப்போதுதான் எனக்கும் விஷயம் புரிந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு அழைத்தவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை. அது முடிந்ததும் நான் மலாக்காவுக்கு அக்காவிடம் வந்துவிட்டேன்.

அன்று முதல் எனக்கு ஒரே பயம். செத்துப்போவேனே என்பதல்ல. நான் பையில் போகக் கூடாது. பெண்கள் நாலு பேர் கை வைத்துக் குளிப்பாட்ட வேண்டும், புடவை கட்டிவிட வேண்டும், மஞ்சள் பூச வேண்டாம், விதவைதானே, ஆனால் வாயில் அரிசி போட வேண்டும். அது நடக்க வேண்டுமென்றால் இந்தத் தெருவில் யாருக்கும் எதுவும் தெரியக் கூடாது. இதுதான் என் கணக்கு. சோதனைக்கே போகாமல் இருந்ததும் அதனால்தான்.

இரண்டு முடிவும் ஒரே வாரத்தில் வந்தன. டாக்டர் ஒரு சீனப் பெண், என்னைவிட இளையவர். மலாயில் பேசினார். என் இரத்தத்தைப் போர்க்களமாக்கி, படைவீரர்கள், எதிரிகள் என்று ஆரம்பித்தார்.

"டாக்டர், எனக்குப் பட்டாளத்துக் கதை வேண்டாம். நேராகச் சொல்லுங்கள்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு நேராகவே சொன்னார். உடம்பில் கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் கூடி இருக்கும் இடங்களுக்கு நிணநீர் முடிச்சு என்று பெயர். கழுத்து, அக்குள், இடுப்பு மடிப்பு, வயிற்றின் உள்பக்கம் என்று பல இடத்தில் இருக்கும். எச்.ஐ.வி. கிருமி அந்த அணுக்களில் ஒரு வகையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது. மற்றவை ஓயாமல் பெருகிக்கொண்டே இருக்கின்றன. அப்படிப் பெருகும்போது ஒன்று கெட்டுப்போனால், அதைக் கண்டுபிடித்து அழிக்க ஆள் இல்லை. கெட்டது பெருகிக் கட்டியாகிறது. அதுதான் லிம்ஃபோமா, நிணநீர்ப் புற்று. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வரும். எனக்கு வந்திருப்பது வேகமாக வளர்கிற வகை.

பழுது பார்க்கிற ஆள் லீவு போட்டால் கெட்ட பலகை எவ்வளவு சுலபமாக வெளியே போய்விடும் என்று எனக்குத் தெரியும். அதனால் உடனே புரிந்தது.

"பிழைப்பேனா?" என்றேன்.

"பலர் பிழைக்கிறார்கள். முன்பெல்லாம் எச்.ஐ.வி. இருந்தால் பலமான மருந்து கொடுக்கப் பயப்படுவார்கள். இப்போது அந்தக் கிருமிக்கு மாத்திரை இருக்கிறது. அதை ஒழுங்காகப் போட்டுக்கொண்டால், மற்றப் புற்றுநோயாளிக்குக் கொடுக்கிற அதே மருந்தை உங்களுக்கும் கொடுக்கலாம்."

"பலர் சரி. நான்?"

"முயற்சி செய்வோம்" என்றார். அந்தச் சொல்லை நான் தொழிற்சாலையில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

பிறகு நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்கிற படலம். ஸ்கேன் எடுத்தார்கள், வயிற்றுக்குள்ளும் கட்டி. குப்புறப் படுக்க வைத்து, இடுப்பு எலும்பில் கனமான ஊசியைத் திருகி, மஜ்ஜையை உறிஞ்சினார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்தும், உறிஞ்சுகிற அந்தக் கணம் உயிரையே எலும்பு வழியாக இழுப்பதுபோல் இருந்தது. முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். இந்த வகைப் புற்று மூளைப் பக்கம் போகக்கூடும் என்பதால் அதே துளை வழியாகக் கொஞ்சம் மருந்தும் ஏற்றினார்கள். அதன்பிறகு தலையைத் தூக்காமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். புனிதா என்ற தாதி, இங்கே தாதியை மிஸி என்போம், வந்து என் கால் பெருவிரலை ஆட்டி, "மிஸி சொல்றதைக் கேட்டு நல்ல பிள்ளையா படுக்கணும், சரியா?" என்று கிண்டல் செய்துவிட்டுப் போவாள். என் இரண்டு நோயும் தெரிந்து, என் காலைத் தொட்டு விளையாடிய முதல் ஆள் அவள்.

காத்திருக்கும் இடத்தில் மற்ற நோயாளிகள் என்ன நோய் என்று கேட்பார்கள். "புற்றுநோய்" என்று சத்தமாகவே சொல்வேன். உச்சுக் கொட்டுவார்கள், பிஸ்கட் நீட்டுவார்கள். புற்றுநோய் மரியாதையான நோய். மற்ற நோய்க்கான மாத்திரை வாங்க வேறொரு தாழ்வாரத்துக்குப் போக வேண்டும். அங்கே சுவரைப் பார்த்துத்தான் உட்காருவேன்.

அத்தான் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற வேன் வைத்திருக்கிறார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு என்னை ஏற்றிக்கொள்வார். ஆஸ்பத்திரிக்குள் மட்டும் வரமாட்டார். வெயிலில் வேனுக்குள் உட்கார்ந்திருப்பார். நான் எப்போது வெளியே வந்தாலும் கையில் ஒரு பார்லித் தண்ணீர் பொட்டலம் தயாராக இருக்கும். என்ன சொன்னார்கள் என்று கேட்கமாட்டார். "குடி" என்பார். அவ்வளவுதான்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றினார்கள். அதில் ஒன்று இரத்தம்போல் சிவப்பாக இருக்கும், சிறுநீரும் சிவக்கும், பயப்படத் தேவையில்லை. இன்னொன்று விரல் நுனிகளை மரக்கச் செய்யும். சட்டைப் பொத்தானைப் போட முடியாது. கூடவே சில நாளைக்கு ஒரு மாத்திரை, அதைப் போட்டால் தூக்கம் வராது, ஆனால் பசி பேய்போல் வரும். கெட்ட அணுக்களைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்கிற வேறொரு மருந்தும் இருக்கிறதாம். என் எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்தில் கிடந்ததால், வேறு தொற்று வந்துவிடும் என்று அதை எனக்கு முதலில் கொடுக்கவில்லை. எச்.ஐ.வி. மாத்திரையை ஒருநாளும் விடக் கூடாது என்றார்கள். நான் விடவில்லை. வாந்தி எடுத்தால், துடைத்துக்கொண்டு, டாக்டரைக் கேட்டு மறுபடி போட்டேன்.

இரண்டாவது முறை மருந்துக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாக வந்தது. சோற்றில் கிடந்தது, தலையணையில் கிடந்தது. அக்கா அத்தானின் முகச்சவர மெஷினை எடுத்து மொத்தமாக வழித்துவிட்டாள்.

இங்கேதான் பக்கத்து வீட்டு மாக் பார்வதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாக் என்றால் அம்மா. மெர்டேக்கா வருஷத்தில், நாடு விடுதலை பெற்ற வருஷத்தில் பிறந்தவர். செட்டிச் சமூகம். அவர்களுடைய முன்னோர்கள் தமிழ்நாட்டு வியாபாரிகள், பல நூறு வருஷத்துக்கு முன்னால் மலாக்காவுக்கு வந்தவர்கள். கும்பிடுவது மாரியம்மனை, உடுத்துவது மலாய்ப் பெண்களின் கெபாயாச் சட்டை, வீட்டில் பேசுவது மலாய். நடுநடுவே தமிழ்ச் சொல் விழும். அவர் பேசுவதை நான் இங்கே பெரும்பாலும் தமிழில்தான் எழுதுகிறேன். என்னை அவர் 'அடிக்' என்பார், தங்கச்சி என்று அர்த்தம். நான் இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அவர் வீட்டுச் சமையலில் எனக்கு ஒரு பங்கு வந்துகொண்டிருந்தது. மெலிந்து போனேன் என்று தெரிந்ததும் பங்கு பெரிதானது.

மொட்டைத் தலையோடு நான் பின்பக்கம் வந்த அன்று, வேலிக்கு அந்தப் பக்கம் அவர் நின்றிருந்தார்.

"அலாமாக்! அடிக், தலைமுடி எங்கே போச்சு?"

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா, ஒரு நொடியும் யோசிக்காமல் பதில் சொன்னாள்.

"நியாட், மாக்! மாரியம்மனுக்கு வேண்டுதல்!"

உள்ளே வந்ததும் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "புற்றுநோய்னு சொல்லியிருக்கலாமில்ல? அதுல என்னா வெக்கம்?"

"சொன்னா என்னா நடக்கும் தெரியுமா? தெருவே வேன் புடிச்சு வார்டுக்கு வந்துரும். ஆரஞ்சு வாங்கிக்கிட்டு வரும். மிஸி அந்த மாத்திரையைக் குடுக்குறப்ப பக்கத்துல நின்னு, இது எதுக்கு, அது எதுக்குன்னு கேக்கும். நம்ம ஆளுங்களைத் தெரியாதா உனக்கு?"

அவள் சொன்னது சரிதான். நம் ஆட்களுக்கு நோயாளியைப் பார்க்கப் போவது கோயிலுக்குப் போவது மாதிரி. தடுக்க முடியாது. வேண்டுதல் என்றால் அப்படியில்லை. என்ன வேண்டுதல் என்று யாரும் குடையமாட்டார்கள். நிறைவேறும் முன்னால் வெளியே சொல்லக் கூடாது. நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களுக்கெல்லாம் பினாங்கில் மாமியார் வீடு என்று இன்னொரு பொய்யும் அக்கா தயாராக வைத்திருந்தாள். எங்கள் இருவருக்கும் இது கெட்டிக்காரத்தனமாகவே பட்டது.

மறுநாள் காலையில் மாக் பார்வதி சந்தனக் கட்டையைக் கல்லில் இழைத்து, ஈரம் சொட்ட எடுத்துக்கொண்டு வந்தார். வேண்டுதல் மொட்டை வெயிலில் காயக் கூடாதாம். என்னைப் படியில் உட்கார வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் தலை முழுக்கப் பூசினார். காதுக்குப் பின்னால், பிடரியில், கட்டியை வெட்டிய தழும்பின்மேல் எல்லாம் அந்தக் கை போய் வந்தது. தழும்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் போனபின் யாரும் என் தலையில் கை வைத்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சாமி நினைப்பு வந்துருச்சா? நல்லது, நல்லது" என்றார் அவர். பிறகு அது தினப்படி வழக்கமாகிவிட்டது.

மொட்டை போட்டால் வேண்டுதல் முடிவதில்லை என்பதை அக்காவும் நானும் மறந்துவிட்டோம். திருவிழா வந்தது. மாக் பார்வதி எனக்கும் சேர்த்து மஞ்சள் துணி வாங்கிவிட்டார். எனக்காகத் தானும் பால்குடம் எடுப்பதாக அவர் வேறு வேண்டிக்கொண்டாராம். தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, "நாங்களும் கூட வர்றோம்" என்றார்கள்.

மருந்து ஏற்றிய இரண்டாவது வாரத்தில் வெள்ளை அணுக்கள் மிகக் குறைவாக இருக்கும். அப்போது கூட்டத்தில் போகக் கூடாது, வெறுங்காலில் நடக்கக் கூடாது, சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் ஒருமணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஓடிவர வேண்டும் என்று புனிதா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். திருவிழா அந்த வாரத்தில்தான் விழுந்தது.

"உடம்பு சரியில்லன்னு சொல்லிரலாம்" என்றாள் அக்கா.

"மொட்டை போட்டுட்டு அம்மாளுக்குப் பால் எடுக்கலன்னா, உடம்புக்கு என்னான்னு ஆளாளுக்குக் கேப்பாங்க. அப்ப என்னா சொல்லுவ?"

நான் போனேன். தலையில் பால்குடம், காலில் தார் ரோட்டின் சூடு. வீட்டுக்கு வீடு பெண்கள் வாசலில் நின்று, எங்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். நடுவில் எங்கோ ஒரு கல்லோ ஓடோ குதிகாலைக் கிழித்தது. மருந்தால் எனக்குப் பாதமும் மரத்திருந்ததால் அது பெரிதாகத் தெரியவில்லை. மாக் பார்வதி என் முழங்கையைப் பிடித்தபடியே நடந்தார். நான் பாலை ஊற்றும்போது, என்னைப் பிழைக்க வை என்று கேட்க மறந்துவிட்டேன். யாருக்கும் தெரிய வைக்காதே என்றுதான் கேட்டேன்.

மறுநாள் மாலை பல் கிட்டிக்கொண்டு நடுக்கம் வந்தது. அத்தான் என்னைத் தூக்கி வேனில் கிடத்தினார். பிள்ளைகள் உட்கார்ந்து தேய்ந்த சீட்டில் என் தலை ஆடியது. சிவப்பு விளக்கில் நிற்காமல் ஓட்டினார். எப்போதும் பேசாத மனிதர் வழி நெடுக, "மூச்சு வுடு, மல்லிகா, மூச்சு வுடும்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அழுதுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன், குரல் அப்படி இருந்தது.

எதிர்ப்புச் சக்தி இருக்கிறவனுக்கு ஒரு களிம்பில் ஆறுகிற காயம். எனக்கு அது இரத்தத்தில் ஏறிவிட்டது. தனி அறையில் போட்டார்கள். உள்ளே வருகிறவர்கள் எல்லாம் முகமூடி கட்டிக்கொண்டு வந்தார்கள். மருந்து மாற்றி மருந்து ஏறியது. வெள்ளை அணு ஊறுவதற்கு வயிற்றுத் தோலில் ஊசி போட்டார்கள். அது எலும்பெல்லாம் குடைந்தது. பிழைத்தேன். ஆனால் அடுத்த புற்று மருந்தை வாரக்கணக்கில் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. அதற்குள் கழுத்தின் வலது பக்கத்தில் புதிதாக ஒன்று எட்டிப் பார்த்தது.

"நான் நடந்து போனதாலா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"சொல்ல முடியாது. நேரத்துக்குக் கொடுத்திருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம்" என்றார். அக்காவிடம் இதை நான் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். அவள் காதில் ஏறவில்லை. அந்த வேண்டுதல் பொய்யைச் சொன்ன துணிக்கொடிப் பக்கம் போனாலே அவள் முகம் மாறிவிடுகிறது. எனக்கும் சில நாள் அவள்மேல் ஆத்திரம் வரத்தான் செய்கிறது, பொய்யென்ன.

வேறு மருந்துகளுக்கு மாற்றினார்கள். நாட்கணக்கில் வார்டில் படுத்து ஏற்றிக்கொள்கிற மருந்து. காதுக்குள் ரீங்காரம் வந்தது, நாக்கில் ஆணியைச் சப்பின ருசி. முதலில் தள்ளிவைத்திருந்த அந்த ஒட்டிக்கொள்ளும் மருந்தையும் சேர்த்தார்கள். கட்டிகள் கொஞ்சம் சுருங்கின, மறுபடி வந்தன. கோலாலம்பூருக்கு அனுப்பி, என் மஜ்ஜையிலிருந்தே மூல அணுக்களை எடுத்துச் சேமித்து, ரொம்பப் பலமான மருந்து கொடுத்து, திரும்ப ஏற்றுகிற வைத்தியம் ஒன்று உண்டு. எச்.ஐ.வி. இருக்கிறவர்களுக்கும் அதைச் செய்கிறார்களாம். ஆனால் அதற்குக் கட்டிகள் முதலில் மருந்துக்கு அடங்க வேண்டும், இருதயமும் தாங்க வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை.

கடைசியாகப் பார்த்தபோது டாக்டர் நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அப்போதே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"எச்.ஐ.வி. நன்றாக அடங்கிவிட்டது. இரத்தத்தில் தேடினாலும் அகப்படாத அளவுக்குக் குறைந்திருக்கிறது. நீங்கள் மாத்திரையை ஒழுங்காகப் போட்டதால்தான்" என்றார். பாராட்டுகிற குரல்.

எந்த நோயை மறைக்க இத்தனை பாடுபட்டேனோ, அது நல்ல பிள்ளையாக அடங்கிக் கிடக்கிறது. மரியாதையான நோய்தான் என்னைக் கொண்டுபோகப் போகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை.

"இனிமேல் குணமாக்க மருந்து இல்லை. வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். கொஞ்ச நாள் மருந்தை நிறுத்தி, வீட்டில் இருங்கள்."

வெளியே வந்தால், தாழ்வாரத்தில் அத்தான் நின்றுகொண்டிருந்தார். முதல் தடவையாக உள்ளே வந்திருக்கிறார். யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பார்லிப் பொட்டலம் கையில் சூடாகிவிட்டிருந்தது.

அன்று புனிதாவைத் தேடிப்போய், பையைப் பற்றிக் கேட்டேன். அவள் என்னை ஒரு மூலைக்கு அழைத்துப் போனாள்.

"வீட்டுல போனீங்கன்னா வீட்டுலயே குளிப்பாட்டலாம்க்கா. கையுறை போட்டுக்கணும், காயத்தை மூடிக்கணும், அவ்வளவுதான். தொட்டா ஒண்ணும் ஒட்டாது. ஆனா குளிப்பாட்டுறவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும். அது அவங்களுக்குச் செய்யிற ஞாயம்."

வேனில் திரும்பும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அக்கா ஒருத்தியால் முடியாது. அவளுக்கு இடுப்பு வலி, என்னைத் திருப்பக்கூட அவளால் ஆகாது. இந்தத் தெருவில் யார் வீட்டில் சாவு என்றாலும், பெண்களைக் குளிப்பாட்டுகிற கை மாக் பார்வதியுடையது. அவர் வந்தால் மற்றவர்கள் வருவார்கள், அவர் ஒதுங்கினால் ஒருத்தியும் வரமாட்டாள். சொல்லாமல் விட்டால் அவர் கண்டிப்பாக வருவார். சொன்னால் வருவாரா என்று தெரியாது. இத்தனை நாள் நான் பூட்டி வைத்திருந்ததை நானே திறக்க வேண்டும்.

அக்கா கும்பிட்டுக் கேட்டாள், சொல்லாதே என்று. நான் சொன்னேன்.

மாக் பார்வதி சந்தனத்தோடு வந்த ஒரு காலை. தலையில் கொஞ்சம் முடி முளைத்திருந்தது. அப்படியும் அவர் பூசுவதை விடவில்லை. கையைப் பிடித்து நிறுத்தி, உட்கார வைத்து, எல்லாவற்றையும் மலாயில் சொன்னேன். வேண்டுதல் பொய் என்பது, புற்று, அதற்கு முந்தையது, என் வீட்டுக்காரர், அந்தப் பை. கடைசியில், "நான் போனால் நீங்கள் என்னைக் குளிப்பாட்டுவீர்களா?" என்று கேட்டேன்.

அவர் சந்தனத்தைக் கீழே வைத்தார். பிறகு, "யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார்.

"அக்காவுக்கும் அத்தானுக்கும்."

சந்தனம் அப்பியிருந்த தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொடுவதால் வராது, சேர்ந்து சாப்பிடுவதால் வராது என்று நான் அவசர அவசரமாகச் சொன்னேன்.

"தெரியும், தெரியும். டிவியில் சொன்னார்கள்" என்றார். எழுந்தார். நான் கேட்டதற்கு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாசல் கதவருகே போய்த் திரும்பி நின்று, "சாப்பிடு, அடிக்" என்றார்.

மறுநாளிலிருந்து சந்தனம் வரவில்லை. சாப்பாடு வந்தது. கடைகளில் பொங்குஸ் என்று பார்சல் கட்டிக் கொடுக்கும் வெள்ளைப் பெட்டியில் வந்தது, ரப்பர் வளையம் போட்டு, பிளாஸ்டிக் கரண்டியோடு. அதுவரை அவர் வீட்டுப் பூப்போட்ட பீங்கானில்தான் வரும். சாப்பிட்டுவிட்டுக் கழுவி, ஒரு பிடி அவரைக்காயோ நாலு வாழைப்பழமோ போட்டுத்தான் திருப்பி அனுப்புவோம். இந்தத் தெருவில் பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பமாட்டார்கள். வெள்ளைப் பெட்டியைத் திருப்ப வேண்டியதில்லை. குப்பையில் போட்டால் முடிந்தது.

அக்கா அதை அப்படியே கொட்டப் போனாள். நான் பிடுங்கிச் சாப்பிட்டேன். புளி போட்டுக் கொதிக்க வைத்த மீன். வயிற்றுப் பக்கத்துத் துண்டு, முள் இல்லாதது. என் தொண்டை புண் என்று தெரிந்து காரத்தைக் குறைத்திருந்தார். ஒருநாளும் தவறாமல் வந்தது, ஒவ்வொரு நாளும் வெள்ளைப் பெட்டியில்.

போன வாரம் அக்காவிடம் சேமியாப் பாயசம் காய்ச்சச் சொன்னேன். வீட்டிலிருந்த மூடி போட்ட கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நானே எடுத்துப் போனேன். மாக் பார்வதி வாசலுக்கு வந்தார். கிண்ணத்தையும் என்னையும் பார்த்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "தெரிமா காசே" என்று நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகும் வெள்ளைப் பெட்டி வந்துகொண்டிருக்கிறது. கிண்ணம் வரவில்லை.

"நான் போய்க் கேட்டுட்டு வரவா?" என்று அக்கா இன்று காலையும் கேட்டாள். வேண்டாம் என்றேன். கழுவி அடுக்கி வைத்திருக்கலாம். என்ன போட்டு அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். அன்றைக்கே குப்பையில் போட்டும் இருக்கலாம், அப்படித்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. இருந்தாலும் நான் கேட்டு ஆள் அனுப்பப் போவதில்லை. கேட்டால் வெறுமையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.